பாதுகாப்புக்கு எல்-1 போதாது

எண்ணெய்க் கிடங்குக்குள் போக வேண்டுமென்றால் செல்போன், தீப்பெட்டி, லைட்டர் எல்லாவற்றையும் கேட்டிலேயே கொடுத்துவிட வேண்டும். அதன் பிறகு ஹெல்மெட், பாதுகாப்புக் காலணி, கையெழுத்து. ஒரு டெண்டருக்கு விலை கொடுப்பதற்கு முன் இடத்தைப் பார்க்க வேண்டும் என்று, கடந்த ஆண்டு கோடையில் ஒரு பொதுத்துறைக் கிடங்குக்குப் போயிருந்தேன். பெட்ரோல் டேங்கின் சுற்றுப்படியில் ஏறி மேல்தளத்தை அடையும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அங்கேதான் இருந்தது நான் பார்க்கவந்த பொருள்: டேங்க் நிரம்பி வழியும் நிலைக்கு வந்தால் அலாரம் அடித்து, உள்ளே வரும் வால்வை மூடச்செய்யும் லெவல் சுவிட்ச். அதன் பக்கவாட்டில் ஒரு சின்ன லீவர் உண்டு. அதைத் தூக்கினால் உள்ளே மிதவை உயரும். டேங்க் நிரம்பியதாகச் சுவிட்ச் நினைத்துக்கொள்ளும். கண்ட்ரோல் ரூமில் அலாரம் அடிக்க வேண்டும். சாதனம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் வழி அது ஒன்றுதான்.

லீவரைத் தொட்டுப் பார்த்தேன். அசையவில்லை. டேங்குக்கு வெள்ளை பெயின்ட் அடித்தவர்கள் லீவருக்கும் சேர்த்து அடித்திருந்தார்கள். இரண்டு கோட். பெயின்ட் காய்ந்து லீவரும் உடலும் ஒன்றாகிப் போயிருந்தன.

உடன் வந்த ஆபரேட்டர் அனுபவசாலி, பொறுப்பானவர். அவர் சொன்னார்: “நல்ல ஐட்டம் சார். போட்டு ஆறு வருஷம் ஆச்சு. ஒரு தடவைகூட தொந்தரவு கொடுத்ததில்ல.”

அந்த வாக்கியம் என்னை விடவேயில்லை. ஒரு பம்ப்பைப் பற்றி அப்படிச் சொன்னால் அது பாராட்டு. நிரம்பி வழிவதைத் தடுக்கும் சுவிட்சைப் பற்றிச் சொன்னால் அதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. அது வேலை செய்யவேண்டிய தருணம் இந்த ஆறு ஆண்டில் வரவே இல்லை என்பது ஒன்று. வந்திருந்தால் அது வேலை செய்திருக்குமா என்பது யாருக்கும் தெரியாது என்பது மற்றொன்று.

பழைய பாதுகாப்புச் சாதனங்களை மாற்றிப் புதியவற்றைப் பொருத்த அரசும் அரசு நிறுவனங்களும் டெண்டர் விடுகின்றன. அந்த டெண்டர்களுக்கு விலைப்புள்ளி தயாரிப்பது இருபது ஆண்டுகளாக என் தொழில். அந்த அனுபவத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாம் மேஜை நாற்காலி வாங்கும் அதே முறையில் உயிர்காக்கும் சாதனங்களையும் வாங்கிக்கொண்டிருக்கிறோம். தகுதி பெற்றவர்களில் குறைந்த விலை கொடுத்தவருக்கே வேலை என்ற ‘எல்-1’ முறை, இந்தச் சாதனங்களில் தவறான ஒன்றை அளக்கிறது.

ஜெய்ப்பூர் சொன்ன பாடம்

2009 அக்டோபர் 29. ஜெய்ப்பூரின் சீதாபுரா தொழிற்பேட்டையில் இருந்த இந்தியன் ஆயில் கிடங்கிலிருந்து பக்கத்து பாரத் பெட்ரோலியம் கிடங்குக்குக் குழாய் வழியாகப் பெட்ரோல் அனுப்ப மாலையில் ஏற்பாடு நடந்தது. அப்போது ஒரு டேங்கின் வெளியேறும் குழாயில் பெட்ரோல் பீய்ச்சியடித்தது. வால்வுக்கு அருகில் நின்றவர்கள் பெட்ரோல் ஆவியில் நிலைகுலைந்தார்கள். காப்பாற்றப் போனவர்களாலும் நெருங்க முடியவில்லை. ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் கசிவு தொடர்ந்தது. ஏறத்தாழ 1,000 டன் பெட்ரோல் வெளியேறி, ஆவி வளாகம் முழுக்கப் பரவி, இரவு ஏழரை மணி அளவில் வெடித்தது. 11 பேர் இறந்தார்கள். பதினொரு நாள் எரிந்தது. இருப்பது எல்லாம் எரிந்து தீரட்டும் என்று காத்திருப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

இந்துஸ்தான் பெட்ரோலியத்தின் முன்னாள் தலைவர் எம்.பி.லால் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு 2010 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது. அதில் என் தொழிலைச் சேர்ந்த எவரையும் தூங்கவிடாத செய்தி ஒன்று உண்டு. கசிந்த டேங்கில் மோட்டாரால் இயங்கும் வால்வு இருந்தது. அதைக் கண்ட்ரோல் ரூமிலிருந்தே மூடும் வசதி பல ஆண்டுகளாகச் செயலில் இல்லை. வால்வு இருந்தது, மோட்டார் இருந்தது, தூரத்திலிருந்து மூடும் வழி மட்டும் இல்லை. அந்த ஒரு வழி இருந்திருந்தால், ஆவி சூழ்ந்த இடத்துக்கு யாரும் போகாமலேயே பெட்ரோலை நிறுத்த முயன்றிருக்கலாம்.

லால் குழு நூற்றுக்கும் மேற்பட்ட பரிந்துரைகளைக் கொடுத்தது. டேங்கை ஒட்டிய முதல் வால்வைத் தூரத்திலிருந்து மூட முடிய வேண்டும். மின்சாரம் போனாலும் தீப்பிடித்தாலும் அது தானாகவே மூடிக்கொள்ள வேண்டும். டேங்கில் வழக்கமான அளவுமானியோடு, அதைச் சாராமல் தனியே இயங்கும் உச்சமட்ட அலாரம் வேண்டும். ஆவிக் கசிவை உணரும் டிடெக்டர்கள் வேண்டும். இவற்றை நிறைவேற்ற நாடு முழுவதும் கிடங்குகளுக்கு டெண்டர்கள் வந்தன. சாதனங்கள் பொருத்தப்பட்டன. வெயிலிலும் மழையிலும் கடற்காற்றிலும் நிற்கும் மின்னணுச் சாதனங்களுக்குப் பொதுவாகப் பத்துப் பதினைந்து ஆண்டுதான் ஆயுள். ஜெய்ப்பூருக்குப் பிறகு பொருத்தியவற்றில் பலவற்றுக்கு இப்போது மாற்று வயது. இந்தச் சுற்றில் நாம் எப்படி வாங்கப் போகிறோம் என்பதுதான் கேள்வி.

ஒரு பூட்டு இல்லாததால்

ஜெய்ப்பூருக்கு நான்கு ஆண்டு முன்பு இங்கிலாந்தில் இன்னொரு கிடங்கு எரிந்தது. 2005 டிசம்பர் 11, ஞாயிறு காலை ஆறு மணி. லண்டனுக்கு வடக்கே ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் உள்ள பன்ஸ்ஃபீல்ட் கிடங்கில் 912 என்ற எண்ணுள்ள டேங்க் நிரம்பி வழிந்தது. அளவுமானி ஒரே அளவில் நின்றுபோயிருந்ததால், டேங்க் நிரம்புவது கண்ட்ரோல் ரூமில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. அந்த அளவுமானி அதற்கு முந்தைய சில மாதங்களிலேயே பதினான்கு முறை அப்படி நின்றிருக்கிறது. இரண்டாவது அரணாக மேலே தனி உச்சமட்ட சுவிட்ச் ஒன்று இருந்தது. அதுவும் வேலை செய்யவில்லை.

காரணம் ஒரு பூட்டு. அந்த சுவிட்சின் சோதனை லீவரைச் சரியான நிலையில் நிறுத்திவைக்க ஒரு பூட்டு மாட்ட வேண்டும். மாட்டாவிட்டால் லீவர் இறங்கி சுவிட்ச் செயலிழக்கும். பூட்டு மாட்டப்படவில்லை. யாரும் லீவரைத் தொட்டுவிடாமல் இருப்பதற்கான பூட்டு என்று நினைத்துவிட்டார்கள். அது சாதனம் இயங்கவே தேவையான உறுப்பு என்று தயாரித்தவர் தெளிவாகச் சொல்லவில்லை, பொருத்தியவர் கேட்கவில்லை, கிடங்கை நடத்தியவர்கள் தெரிந்துகொள்ளவில்லை. இரண்டரை லட்சம் லிட்டருக்கு மேல் பெட்ரோல் வழிந்தது. ஞாயிறு அதிகாலை என்பதால் உயிர்ச்சேதம் இல்லை. நாற்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். கிடங்கை நடத்தியவர்களோடு, சுவிட்சைத் தயாரித்த நிறுவனமும் பொருத்திய நிறுவனமும் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டன.

விற்பவன், வாங்குபவன், பொருத்துபவன் மூவரும் ‘இந்தச் சாதனம் எதற்கு, எப்போது செத்துப்போகும்’ என்று ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான சாட்சி எனக்குத் தெரியவில்லை. அந்த மேஜை என்பது டெண்டர் ஆவணம்தான். அதைத்தான் நாம் வெறும் விலைப்பட்டியலாக்கி வைத்திருக்கிறோம்.

வாசலைத் தாண்டிவிட்டால் எல்லோரும் சமம்

டெண்டர் நடைமுறையை அறியாத வாசகர்களுக்கு அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அறிவிப்பு வரும். டெண்டருக்கு முந்தைய கூட்டத்தில் சந்தேகம் கேட்கலாம். இரண்டு உறைகள்: ஒன்று தொழில்நுட்பம், மற்றொன்று விலை. இன்று இரண்டும் இணையத்தில், டிஜிட்டல் கையெழுத்தோடு பதிவேற்றப்படுகின்றன. தொழில்நுட்ப உறையில் முன் அனுபவத்தைக் காட்ட வேண்டும். மதிப்பீட்டுத் தொகையில் 40 சதவீத அளவுக்கு இதேபோன்ற மூன்று வேலைகள், அல்லது 50 சதவீத அளவில் இரண்டு, அல்லது 80 சதவீத அளவில் ஒன்று, கடந்த ஏழு ஆண்டில் முடித்திருக்க வேண்டும் என்பது வழக்கமான வரையறை. வெடிக்கும் ஆவி உள்ள இடத்தில் பொருத்தத்தக்கது என்ற பெசோ சான்றிதழ், நம்பகத்தன்மைக்கான எஸ்.ஐ.எல். சான்றிதழ், வரவு செலவுக் கணக்கு எல்லாம் வேண்டும்.

இதுவரை நல்ல முறைதான். சிக்கல் இதற்குப் பிறகு. இந்த வாசலைத் தாண்டியவர்கள் எல்லோரும் சமமாகிவிடுகிறார்கள். நூறு மதிப்பெண்ணில் முப்பத்தைந்து வாங்கியவரும் தொண்ணூற்றைந்து வாங்கியவரும் ஒரே வரிசை. அங்கிருந்து ஒரே அளவுகோல் விலை. சில சமயம் விலை திறந்த பிறகு கணினியில் தலைகீழ் ஏலமும் உண்டு. சில நிமிடத்துக்கு ஒருமுறை ஒருவர் விலையைக் குறைக்க, மற்றவர்கள் துரத்த வேண்டும். திரையின் முன் உட்கார்ந்து விலையைக் குறைப்பவர் அந்த நிமிடத்தில் எதைக் குறைக்கிறார்? உற்பத்தியாளர் கொடுத்த விலையை அவரால் மாற்ற முடியாது. ஆட்கூலியை ஓரளவுக்கு மேல் குறைக்க முடியாது. அவர் கைவைக்கக் கூடிய இடங்கள் எங்கே என்று நான் சொல்கிறேன்.

முதலில் கேபிள் கிளாண்ட். கேபிள் சாதனத்துக்குள் நுழையும் இடத்தில் இறுக்கும் பித்தளை உறுப்பு, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஃப்ளேம்ப்ரூஃப் பெட்டி என்பது உள்ளே பொறி பட்டு ஆவி வெடித்தாலும் அந்தச் சுடரை வெளியே விடாத பெட்டி. அந்தப் பெட்டி சரியாக இருந்தும் கிளாண்ட் சாதாரணமானதாக இருந்தால், அல்லது பயன்படாத துளையை முறையான பிளக்கால் அடைக்காவிட்டால், பெட்டியின் சான்றிதழுக்கு அர்த்தமில்லை. சான்றிதழ் பெட்டிக்குக் கொடுக்கப்பட்டது. சுடர் துளை வழியாக வரும். ஒரு கிடங்குக்கு நூற்றுக்கணக்கில் கிளாண்ட் வேண்டும். ஒன்றுக்குச் சில நூறு ரூபாய் மிச்சம் பிடித்தால் எல்-1 ஆவதற்கான வித்தியாசம் அதிலேயே வந்துவிடும்.

அடுத்தது நாட்கணக்கு. கிடங்கு நடந்துகொண்டிருக்கும்போதுதான் வேலை. காலையில் அனுமதிச்சீட்டு எழுதி, வாயு அளவு பார்த்து, தீயணைப்பு ஆள் நின்று, பிறகுதான் ஸ்பேனரைத் தொட முடியும். லாரி நிரப்பும் நேரத்தில் சில இடங்களில் வேலையே கூடாது. எட்டு மணி நேர வேலைநாளில் கையில் கிடைப்பது நான்கு மணி நேரம்தான். இதை நேர்மையாகக் கணக்கிட்டவர் பட்டியலில் மூன்றாவது இடத்துக்குப் போவார். கணக்கிடாதவர் வேலையை வாங்கிவிட்டு, பிறகு அவசரப்படுவார். எண்ணெய்க் கிடங்கில் அவசரத்தின் விலை நமக்குத் தெரியும். 2023 டிசம்பரில் சென்னை தண்டையார்பேட்டைக் கிடங்கில் வெல்டிங் வேலையின்போது டேங்க் வெடித்து ஒப்பந்தத் தொழிலாளர் ஒருவர் உயிரிழந்தார். அந்த விபத்தின் காரணம் பற்றித் தீர்ப்பெழுத நான் வரவில்லை. ஆனால் இத்தகைய இடங்களில் தீயோடு நெருங்கி நிற்பவர் பெரும்பாலும் ஒப்பந்தக்காரரின் ஆள்தான் என்பதை மறக்கக் கூடாது. விலையில் குறைக்கும் ஒவ்வொரு நாளும் அவருடைய தலைக்கு மேலே நிற்கிறது.

மூன்றாவது, சோதனை. இதைச் சொல்ல எனக்குச் சற்றுத் துணிவு வேண்டியிருக்கிறது.

நான் அடித்த வரி

பெயின்ட் பூசிய லீவரோடு நான் பார்த்த அந்த சுவிட்ச், நாங்கள் பொருத்தியது. ஆறு ஆண்டுக்கு முன் அதற்கான விலைப்புள்ளியைத் தயாரித்தவன் நான். முதல் வரைவில் ‘ஆண்டுக்கு ஒருமுறை செயல்பாட்டுச் சோதனை, ஐந்து ஆண்டுகளுக்கு’ என்று ஒரு வரி இருந்தது. பொறியாளர் வந்து, லீவரைத் தூக்கி, அலாரமும் வால்வும் இயங்குகின்றனவா என்று பார்த்து, நேரத்தைக் குறித்து, கையெழுத்திட்டுக் கொடுக்கும் வேலை. டெண்டர் ஆவணம் அதைக் கேட்கவில்லை. கேட்காததை நாம் சேர்த்தால் போட்டியில் தோற்போம் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டோம். டெண்டர் மூட இரண்டு மணி நேரம் இருக்கும்போது அந்த வரியை நான் அடித்தேன். எங்களுக்கு வேலை கிடைத்தது. பொருத்திய அன்று ஒருமுறை சோதித்தோம், வேலை செய்தது, பணம் வந்தது. அதன் பிறகு அந்த லீவரை யாரும் தூக்கவில்லை.

அந்த வரியின் மதிப்பு என்ன என்று ஒரு எளிய கணக்கு. மறைவாகப் பழுதாகும் சாதனம் ஒன்று ஓர் ஆண்டில் செத்துப்போக 100-ல் 1 வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுதோறும் சோதித்துப் பழுதைக் கண்டுபிடித்தால், ஆபத்து வரும் ஏதோ ஒரு நாளில் அது செத்துக்கிடக்கச் சராசரி வாய்ப்பு 200-ல் 1. சோதனையே இல்லாமல் ஆறு ஆண்டு விட்டால், சராசரி 100-ல் 3. ஆறாம் ஆண்டின் கடைசியில் 100-ல் 6 அளவுக்குப் போய்விடும். எஸ்.ஐ.எல்.-2 என்ற தரம், சாதனம் தேவைப்படும் தருணத்தில் அது செயலிழந்திருக்கும் வாய்ப்பு 100-ல் 1-ஐவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது. ஆக, ஆண்டுச் சோதனையோடு அந்தச் சாதனம் எஸ்.ஐ.எல்.-2. சோதனை இல்லாவிட்டால் அதே சாதனம், அதே சான்றிதழோடு, அந்தத் தரத்துக்குக் கீழே போய்விடுகிறது. பொருளில் எந்த மாற்றமும் இல்லை. விலைப்புள்ளியில் ஒரு வரி இல்லை, அவ்வளவுதான்.

இதனால்தான் எல்-1 இங்கே தவறான ஒன்றை அளக்கிறது என்கிறேன். நாற்காலியின் தரம் உட்கார்ந்த அன்றே தெரியும். ஜெனரேட்டரின் தரம் மின்வெட்டு வரும்போதெல்லாம் தெரியும். பாதுகாப்புச் சாதனத்தின் தரம் தெரியவரும் நாள் ஒன்றே ஒன்றுதான். அந்த நாளுக்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டுமானால் சோதிக்க வேண்டும். சோதனைக்குப் பணம் வேண்டும். அந்தப் பணத்தை டெண்டரில் கேட்காவிட்டால், கொடுக்க நினைப்பவர் தோற்பார்.

அதிகாரியின் அச்சமும் நியாயமானது

எல்-1 முறையை எதிர்ப்பவன் அல்ல நான். அது ஏன் வந்தது என்பதை மறந்து பேசுவது நேர்மையாகாது. ‘தரத்துக்காக’ என்று சொல்லி வேண்டியவருக்கு வேலை கொடுத்த காலத்தை இந்த நாடு பார்த்திருக்கிறது. தமிழ்நாடு 1998-லேயே டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் கொண்டுவந்ததற்குப் பின்னால் அந்த அனுபவம் இருக்கிறது. விலை என்பது எண். அதை யாரும் திரித்துப் படிக்க முடியாது. எங்களைப் போன்ற, யாரையும் தெரியாத சிறு நிறுவனங்கள் பெரிய நிறுவனங்களோடு ஒரே களத்தில் நிற்க முடிந்ததும் அந்த எண்ணால்தான்.

அதிகாரிகளின் நிலையும் எனக்குத் தெரியும். இரண்டாவது விலைக்காரரைத் தேர்ந்தெடுத்தால் தணிக்கைக் கேள்வி வரும். விழிப்புப்பணிக் கேள்வி வரும். ஓய்வுபெற்ற பிறகும் வரும். எல்-1-ஐத் தேர்ந்தெடுத்துச் சாதனம் பத்தாண்டு கழித்துச் செயலிழந்தால், அன்றைக்குக் கையெழுத்திட்டவரை யாரும் தேட மாட்டார்கள். எந்தப் பக்கம் சாய்வது பாதுகாப்பு என்று ஒரு மனிதர் முடிவெடுப்பதில் வியப்பில்லை. ஆகவே அதிகாரியின் துணிச்சலை நம்பிச் சொல்லும் எந்தத் தீர்வும் நடக்காது. விதியே அவரைக் காக்க வேண்டும்.

அதற்கான இடத்தை அரசே திறந்துவைத்திருக்கிறது. ஜெய்ப்பூர் விபத்துக்குச் சரியாகப் பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2021 அக்டோபர் 29 அன்று, மத்திய நிதி அமைச்சகம் கொள்முதல் குறித்த பொது அறிவுறுத்தல்களை வெளியிட்டது. தரம் முக்கியம் என்று உரிய அதிகாரி அறிவிக்கும் வேலைகளில், விலையல்லாத அம்சங்களுக்கு 30 சதவீதம் வரை மதிப்பெண் கொடுக்கலாம் என்று அது அனுமதிக்கிறது. அது வேலைகளுக்கும் சேவைகளுக்கும் பொருந்தும். வெறும் பொருள் கொள்முதலாக டெண்டர் விட்டால் பொருந்தாது. ஆகவே பாதுகாப்புச் சாதனத்தை ‘சப்ளை’ என்று வாங்குவதா, ‘பொருத்தி, சோதித்து, காத்துத் தரும் வேலை’ என்று வாங்குவதா என்பது முதல் முடிவு. அந்த முடிவை எடுக்கும் நாளில்தான் பாதிப் பாதுகாப்பு தீர்மானமாகிறது.

செய்யக்கூடிய ஐந்து

முதலாவது: டெண்டர் ஆவணத்தின் முதல் பக்கத்தில், இந்தச் சாதனம் எதற்கு, எது நடந்தால் எத்தனை நொடிக்குள் என்ன செய்ய வேண்டும், எது நடந்தால் இது செயலிழக்கும் என்பதை எளிய மொழியில் எழுத வேண்டும். பன்ஸ்ஃபீல்டில் இல்லாமல் போனது அந்த ஒரு பக்கம். ‘பழையதைப் போலவே புதியது’ என்று பாகத்தின் எண்ணை மட்டும் எழுதும் பழக்கம் போக வேண்டும். பழையதில் ஏற்கெனவே தவறு இருந்தால் புதியதிலும் அதையே விலைகொடுத்து வாங்குகிறோம்.

இரண்டாவது: பத்தாண்டுச் சோதனை, உதிரிபாகம், பராமரிப்பு எல்லாம் சேர்ந்த மொத்தச் செலவில்தான் எல்-1 யார் என்று பார்க்க வேண்டும். இது புதுமை இல்லை. அரசு மருத்துவமனைகளுக்குக் கருவி வாங்கும் டெண்டர்களில் பல ஆண்டுப் பராமரிப்புச் செலவைச் சேர்த்து விலையை ஒப்பிடுவது நடைமுறையில் இருக்கிறது. நோயாளிக்கான கருவிக்குச் செய்வதை, ஊரைக் காக்கும் கருவிக்கும் செய்யலாம்.

மூன்றாவது: பாதுகாப்புச் சாதனங்களுக்குத் தலைகீழ் ஏலம் கூடாது. மதிப்பீட்டைவிட மிகக் குறைந்த விலை வந்தால், எப்படிக் கட்டுப்படியாகும் என்று எழுத்தில் கணக்குக் கேட்க மத்திய அரசின் கொள்முதல் கையேடு வழி சொல்லியிருக்கிறது. அதை இந்த வகை டெண்டர்களில் கட்டாயமாக்க வேண்டும். கிளாண்டுக்கு என்ன விலை போட்டார், வேலைநாள் எத்தனை கணக்கிட்டார் என்று கேட்டாலே பாதி உண்மை வெளியே வந்துவிடும்.

நான்காவது: கடைசித் தவணைப் பணம் உண்மையான சோதனைக்குப் பிறகே. மிதவையைத் தூக்கி, கண்ட்ரோல் ரூமில் அலாரம் அடித்து, வால்வு மூடிய நொடிகளை எண்ணி, கிடங்குத் தரப்பும் ஒப்பந்தக்காரரும் கையெழுத்திட வேண்டும். அதே சோதனை ஆண்டுதோறும் நடந்து, கடைசியாகச் சோதித்த தேதி சாதனத்தின் மேலேயே தெரிய வேண்டும். தீயணைப்பான் சிலிண்டரில் தொங்கும் அட்டையைப் போல. எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்ககத்தின் தணிக்கையில் சான்றிதழோடு அந்தத் தேதியையும் முதலில் பார்க்கட்டும்.

ஐந்தாவது: பணத்தை நேரத்துக்குக் கொடுக்க வேண்டும். சிறு, குறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பணம் ஓராண்டு தாமதமாகும் என்று தெரிந்து விலை கொடுப்பவர், வட்டியை எங்கேயாவது ஈடுகட்டத்தான் பார்ப்பார். அவர் ஈடுகட்டும் இடம் எது என்று மேலே சொல்லிவிட்டேன்.

தொழிலில் உள்ள நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. டெண்டருக்கு முந்தைய கூட்டத்தில் நாம் கேட்பதெல்லாம் பெரும்பாலும் பிணைத்தொகை, அனுபவ வரையறை, கடைசித் தேதி நீட்டிப்பு. ‘ஆண்டுச் சோதனை ஏன் இதில் இல்லை’ என்று எழுத்தில் கேட்போம். ஒருவர் கேட்டால் அது புகார். ஐந்து பேர் கேட்டால் திருத்தம் வெளியிட வேண்டியிருக்கும். நாம் ஒருவரை ஒருவர் தோற்கடிக்கும் களம் விலையாக இருக்கட்டும். அடித்துவிடக் கூடாத வரிகள் எவை என்பதில் நமக்குள் போட்டி வேண்டாம்.

கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் போயிருப்பவர்களுக்குத் தெரியும்; எண்ணெய் டேங்குகளுக்கும் வீடுகளுக்கும் இடையே அதிக தூரமில்லை. அங்கே மொட்டைமாடியில் வடகம் காயப்போடுகிற ஒரு அம்மாவுக்கு எல்-1 என்றால் என்னவென்று தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. அவர் சார்பில் அதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டியவர்கள் டெண்டர் எழுதுபவர்களும், அதற்கு விலை கொடுப்பவர்களும்தான்.

அன்று கீழே இறங்கியதும் லீவரில் பெயின்ட் ஒட்டியிருப்பதைக் கிடங்கு மேலாளரிடம் சொன்னேன். அன்றே ஆள் அனுப்பிச் சுரண்டச் சொன்னார். அந்தச் சாதனத்தை மாற்றுவதற்கான டெண்டருக்கு நாங்கள் விலை கொடுத்தோம். இந்த முறை சோதனைக்கான வரியை நான் அடிக்கவில்லை. விலை உறைகள் திறந்தபோது நாங்கள் மூன்றாவது இடத்தில் இருந்தோம். முதலிடம் பெற்றவர் விதிப்படிதான் வென்றார். அவர்மீது எனக்குக் குறையில்லை. டெண்டர் ஆவணம் அந்த வரியை இந்த முறையும் கேட்கவில்லை. அடுத்த டெண்டரை எழுதும் அதிகாரிகளிடம் நான் வேண்டுவது அந்த ஒரு வரியைத்தான். அதை நீங்கள் கட்டாயமாக்கிவிட்டால், எங்களில் யாரும் அதை அடித்து வெல்ல முடியாது.